புகைக்குப் பொறி வைத்த கதை

லண்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களுக்கு மூச்சு முட்டியது. காமன்ஸ் சபை அந்தக் காலத்தில் கூடியது ஒரு பழைய தேவாலயக் கூடத்தில். நூற்றுக்கணக்கான ஆண்கள், கனத்த கோட்டு, தலையில் பொய்முடி, பொழுது சாய்ந்தால் வரிசையாக மெழுகுவத்தி. விவாதம் நீள நீளப் புழுக்கமும் வியர்வை வாடையும் மெழுகுப் புகையும் கூரைக்கடியில் தேங்கி நின்றன. 1690களில் இதற்கு வழி சொல்ல அழைக்கப்பட்டவர், அப்போது செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் ரென். கூரையின் மூலைகளில் துளையிட்டு, ஒவ்வொன்றின் மேலும் தலை வெட்டிய பிரமிடு வடிவில் ஒரு கூடு வைத்தார். சூடான காற்று தானாக மேலே ஏறும், துளை வழியே வெளியேறும் என்பது கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் குளிர் கடுமையான இரவுகளில் அதே துளைகள் வழியே வெளிக்காற்று சில்லென்று இறங்கி உறுப்பினர்களின் தலையில் கொட்டியது. ரென்னுக்கு அடுத்து வந்தவர், காற்றை விரட்ட நெருப்பைத் துணைக்கு அழைத்தார்.

அவர் ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியே. பிரான்சில் புராட்டஸ்டன்டுகளைத் துரத்திய காலத்தில், கைக்குழந்தையாகப் பீப்பாய்க்குள் ஒளித்து வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர் என்று சொல்வார்கள். வளர்ந்து நியூட்டனின் உதவியாளரானார். ராயல் சொசைட்டியில் சோதனைகளைச் செய்துகாட்டும் பொறுப்பு அவருடையது. 1723ல், ரென் வைத்த கூடுகளோடு சேர்த்து சபையின் மேல்மாடியில் சிற்றறைகள் கட்டினார். அவற்றில் நெருப்பு எரிந்தால் அங்குள்ள காற்று சூடாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து கெட்ட காற்று ஏறி வரும். ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அந்த மேல்மாடி அறைகள் சபையின் வீட்டுப் பொறுப்பாளர் திருமதி ஸ்மித்தின் வசம் இருந்தன. தன் இடத்தில் ஒரு விஞ்ஞானி புகுந்தது அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. சபை கூடி வெகுநேரம் ஆகும்வரை நெருப்பே மூட்டாமல் விட்டார். சிற்றறைகளில் குளிர்ந்து கிடந்த காற்று மறுபடியும் கீழே இறங்கியது. திட்டம் உதவாது என்று பேராகிவிட்டது. டெசாகுலியே விடவில்லை. நெருப்பே வேண்டாத ஒரு பொருளோடு பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார்.

அது ஒரு சக்கரம். ஏழடி விட்டம், ஓரடி அகலம், சுற்றிலும் மர உறை. ஓர் ஆள் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினால், சக்கரம் நடுவழியாகக் காற்றை இழுத்து விளிம்புவழியாக வெளியே தள்ளியது. 1736ல் சபைக்கு மேலே அதைப் பொருத்தினார்கள். சபாநாயகரின் உத்தரவைப் பொறுத்துக் கெட்ட காற்றை வெளியே இழுக்கவும், புதுக்காற்றை உள்ளே தள்ளவும் அதனால் முடிந்தது. சுரங்கத் தொழிலாளிகள் அறிந்திருந்த காற்றுச் சக்கரம் இப்படித்தான் மாளிகைக்குள் வந்தது. சட்டம் இயற்றுகிறவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அதே லண்டனில் அதைவிடக் கொடிய புகையில், பொழுது விடிந்ததிலிருந்து நள்ளிரவு வரை நின்றுகொண்டிருந்த ஒரு கூட்டத்தைப் பற்றி யாரும் மனு எழுதவில்லை.

அவர்கள் சமையற்காரர்கள். ஐரோப்பியப் பெருவீடுகளில் இறைச்சி வாட்டுவது ஆளுயரத் திறந்த தீயில். அதற்காவது தலைக்கு மேல் புகைபோக்கி இருந்தது. நுணுக்கமான குழம்பும் சாறும் செய்வது கரி அடுப்பில். செங்கல் மேடை கட்டி, மேலே குழிகள் விட்டு, குழிகளில் கரித்தணல் போடுவார்கள். தணலில் புகை தெரியாது என்பதால் அதற்குப் புகைபோக்கி தேவை என்று பெரும்பாலும் யாரும் நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு மட்டும் மேடை மேடையாக எழும்பி, குனிந்து கிளறுபவரின் மூக்குக்கு நேராக வந்தது. கிறுகிறுப்பும் தலைவலியும் இந்தத் தொழிலோடு கூடப் பிறந்தவை என்றே நம்பினார்கள். முதல் மாற்றம் சமையலறையிலிருந்து வரவில்லை; பிச்சைக்காரர்களைப் பிடித்து அடைத்த ஒரு வேலை விடுதியிலிருந்து வந்தது.

ம்யூனிக் நகரில் 1790ன் புத்தாண்டு நாளன்று, தெருவில் கையேந்தியவர்களையெல்லாம் திரட்டிக் கொண்டுபோய் வேலை கொடுத்துச் சோறும் போட ஏற்பாடானது. ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் பெஞ்சமின் தாம்ப்சன். அமெரிக்காவில் பிறந்து, சுதந்திரப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று, ஊரைவிட்டு ஓடி, பவேரியாவில் பதவி பெற்றவர். பிற்பாடு ரம்ஃபோர்டு பிரபு. நூற்றுக்கணக்கான வயிறுகளுக்குத் தினமும் சூப் காய்ச்ச வேண்டும், விறகோ கொள்ளை விலை. திறந்த தீயில் விறகின் சூடு பெரும்பகுதி பாத்திரத்துக்குப் போகாமல் வீணாவதை ரம்ஃபோர்டு கவனித்தார். தீயைச் செங்கல்லுக்குள் அடைத்தார், பாத்திரத்தை அதன் வாயில் பொருந்த உட்காரவைத்தார், புகையைத் தனிக் குழாய்க்குத் திருப்பினார். 1796ல் அவர் வெளியிட்ட கட்டுரை, புகைபோக்கியின் தொண்டையை நாலு அங்குலமாகக் குறுக்கினால் புகை வீட்டுக்குள் திரும்பாது என்று சொன்னது. லண்டன் வீடுகள் அதைக் கேட்டுக் கொத்தனாரைத் தேடின. அவர் குறி வைத்தது விறகுச் செலவை. அடுப்படியில் நின்றவரின் நெஞ்சுக்கு அதனால் கிடைத்தது உபரி லாபம். அந்த லாபத்தைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக்கியவர், ஊதாரி என்று பேரெடுத்த ஓர் இளவரசர்.

பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரான அந்த இளவரசர், பிரைட்டன் கடற்கரையில் இருந்த தன் மாளிகையைக் கட்டடக்கலைஞர் ஜான் நாஷிடம் கொடுத்து மாற்றச் சொன்னார். வெளியே இந்தியக் கும்மட்டங்கள், உள்ளே சீனச் சித்திரங்கள். நாஷ் முதலில் முடித்துக் கொடுத்தவற்றில் ஒன்று சமையலறை. உயரம் கோயில் மண்டபம் அளவு. கூரையைத் தாங்கிய இரும்புத் தூண்களின் தலையில் செம்பில் செய்த பனையோலைகள். மேலே வெகு உயரத்தில் வெக்கையை வெளியேற்றச் சாளரங்கள். புகைபோக்கியில் ஏறும் அனல் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, இறைச்சி கோத்த கம்பிகள் ஆள் இல்லாமல் திரும்பின. லியனார்டோ டாவின்சி 300 ஆண்டுகளுக்கு முன்பே தாளில் வரைந்துவைத்த யோசனை அது. எல்லாவற்றையும்விட விசித்திரமானவை சுவரோரத்தில் நின்றன. அடுப்புகளின் மேல் செம்புத் தகட்டால் ஆன பெரிய விதானங்கள், அரசர் பாசறையின் கூடாரத்தைப் பாதியாக வெட்டிச் சுவரில் ஒட்டியதுபோல. அடுப்பிலிருந்து எழும்பிய ஆவியும் புகையும் அந்தக் கூடாரத்துக்குள் ஏறி, அங்கேயே சிறைப்பட்டு, மேலே வெளியேறின. விருந்தினரை அழைத்துவந்து இந்தச் சமையலறையைச் சுற்றிக்காட்டுவதில் இளவரசருக்குத் தனிப் பெருமை. நாஷின் கூடாரம் கிட்டத்தட்ட சரியான விடை என்பது அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்த விடைக்குக் கீழே நின்று சமைத்தவருக்கே அது கொஞ்ச காலம்தான் கிடைத்தது.

அவர் மேரி அந்துவான் கரேம். பாரிஸில் புரட்சிக் காலத்தில், பெற்ற தகப்பனே தெருவில் விட்டுவிட்டுப் போன சிறுவன். ஒரு சாப்பாட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பலகாரக் கடையில் தொழில் கற்று, அரசர்களுக்கு விருந்து படைக்கும் நிலைக்கு உயர்ந்தார். 1816ல் இளவரசர் அவரைப் பெரும் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டார். 1817 ஜனவரியில் ரஷ்யப் பெருங்கோமகன் நிக்கலஸுக்கு பிரைட்டனில் கரேம் படைத்த விருந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். ஆனால் இங்கிலாந்தின் வானம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஓராண்டு கடந்ததும் பாரிஸுக்குத் திரும்பினார். திரும்பிய இடத்தில் கரி மேடைகள் காத்திருந்தன.

பெருவிருந்து நாளில் சமையலறை எப்படி இருக்கும் என்பதைக் கரேமே எழுதிவைத்திருக்கிறார். கொதிக்கும் அடுப்புகள், குவித்த தணல், இருபது பேர் ஓட்டம். பரிமாறும் வேளை நெருங்கியதும் கதவையும் ஜன்னலையும் அரை மணி நேரம் அடைத்துவிடுவார்கள். வெளிக்காற்று பட்டால் தட்டு ஆறிவிடுமே! சாப்பிடுகிறவரின் நாக்குக்குச் சூடு வேண்டும் என்பதற்காகச் சமைக்கிறவர்கள் நச்சுக் காற்றை மூச்சாக இழுத்தார்கள். கரி தங்களைக் கொல்கிறது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. 1833 ஜனவரியில் கரேம் இறந்தபோது ஐம்பது வயதைத் தொடவில்லை. ஆயுள் முழுக்க இழுத்த கரிப்புகையே அவரைக் கொன்றது என்று சமையல் வரலாறு எழுதியவர்கள் சொல்லிவருகிறார்கள். அவருடைய சாறுகளும் சமையல் முறைகளும் ஐரோப்பா முழுவதும் பரவின. அவருடைய சாவிலிருந்து பாடம் படிக்க யாரும் முன்வரவில்லை.

அடுத்த படி மறுபடியும் லண்டனில். 1841ல் பால்மால் தெருவில் திறந்த ரிஃபார்ம் கிளப்பின் சமையலறையை, அலெக்சிஸ் ஸ்வாயே என்ற பிரெஞ்சுச் சமையற்காரர் கட்டடக்கலைஞர் சார்லஸ் பாரியோடு சேர்ந்து வடிவமைத்தார். அங்கே எரிவாயு அடுப்பும் வந்தது. திருகினால் தீ, மூடினால் அணைவு. ஊரே வந்து பார்த்துப் போனது. கட்டடத்துக்கு அடியில் ஐந்து குதிரைத்திறன் நீராவி எந்திரம் ஒன்று பெரிய விசிறியைச் சுழற்றியது. நிமிடத்துக்கு 11,000 கன அடி காற்றைத் தள்ளும் வல்லமை அதற்கு இருந்தது. டெசாகுலியேயின் சக்கரத்துக்கு நீராவிப் பலம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் காற்று போய்ச் சேர்ந்தது மேலே உட்கார்ந்து பத்திரிகை படித்த கிளப் உறுப்பினர்களின் அறைகளுக்கு. தீர்வு அடுப்படிக்கு அடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு மேல் ஏற இன்னும் வெகுகாலம் பிடித்தது.

அந்த இடைவெளியில் ஒரு மனிதர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். 1890ல் லண்டன் சவோய் ஹோட்டலின் சமையலறைக்குத் தலைமை ஏற்ற ஒகுஸ்ட் எஸ்காஃபியே ஆள் குள்ளம். அடுப்பின் அனல் நேராக முகத்தில் அடிக்கும். அதனால் உயர்ந்த குதிகால் வைத்த காலணி போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். தன் ஆட்களுக்குக் குடிக்க வாற்கோதுமைத் தண்ணீர் தயாராக வைக்கச் சொன்னார். கூச்சலைத் தடை செய்தார். சமையல் உலகின் பேரரசராக இருந்தவருக்கே அனலைத் தூக்கும் வழி கிடைக்காமல், தன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் குதிகாலைத் தேவையற்றதாக்கக்கூடிய கருவி அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் சுழலத் தொடங்கியிருந்தது.

1880களில் மின்மோட்டாரின் தண்டில் இறக்கை மாட்டிய மின்விசிறி வந்தது. நீராவி எந்திரமும் கொதிகலனும் வேண்டாம், ஒரு கம்பி போதும். சுவரில் துளையிட்டு வெளிப்பக்கம் பார்த்து மாட்டினால் அதுவே எக்ஸாஸ்ட். வந்த வேகத்தில் சமையலறைகள் உருப்பட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. விசிறி இருக்கிற தைரியத்தில் நகர ஹோட்டல்கள் சமையலறையை நிலத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்தன. மேலே இருந்த நல்ல இடமெல்லாம் வாடிக்கையாளருக்கு. 1929ல் பாரிஸில் ஒரு பெரிய ஹோட்டலில் பாத்திரம் கழுவி வயிறு வளர்த்த ஓர் ஆங்கில இளைஞர், தான் வேலை பார்த்த நிலவறையில் வெப்பமானி 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கியதில்லை என்று எழுதினார். அது 43 செல்சியஸ். அவரை உலகம் பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்று அறிந்தது. விசிறி ஓடியும் புகை ஏன் போகவில்லை? பதில் ஒரு கல்லுடைக்கும் கொட்டகையிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பேரி என்ற ஊர் கருங்கல்லுக்குப் பேர்போனது. கல்லறைக் கற்களும் சிலைகளும் அங்கிருந்துதான் போயின. காற்றழுத்தச் சுத்தியல் வந்தபின் வேலை வேகமாயிற்று, தூளும் மாவாக நுணுகியது. குளிருக்காகச் சாத்திய கொட்டகைகளில் அந்தத் தூளைச் சுவாசித்த கல்தச்சர்கள் நுரையீரல் கல்லாகி, காசநோயும் சேர்ந்து, நடு வயதில் இறந்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிலிப் டிரிங்கர் இந்தத் தூளைப் பிடிக்க இறங்கினார். 1928ல் போலியோ தாக்கிய சிறுமி ஒருத்தியை இரும்பு நுரையீரலுக்குள் படுக்கவைத்து மூச்சு விடவைத்த அதே டிரிங்கர். அந்த எந்திரத்தை இயக்கியவை வீட்டில் தூசி உறிஞ்சும் வாக்குவம் கிளீனரின் ஊதிகள். இப்போது அதே உறிஞ்சு குழாயைக் கல்லுளியின் அருகே வைத்தால் தூள் அகப்படுமா, எவ்வளவு அருகே வைத்தால் அகப்படும் என்பது கேள்வி. இதை அளந்து பார்க்கும் வேலை ஜோசப் டல்லாவல் என்ற ஆய்வு மாணவரிடம் வந்தது.

டல்லாவல் உறிஞ்சும் குழாய்களின் வாய்க்கு முன்னால் புள்ளி புள்ளியாகக் காற்றின் வேகத்தை அளந்தார். 1930ல் அவர் கண்டது எல்லோரையும் திடுக்கிட வைத்திருக்க வேண்டும். குழாயின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனதுமே, வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிட்டது. ஒரு மெழுகுவத்தியைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து எவ்வளவு உறிஞ்சினாலும் சுடர் ஆடக்கூட ஆடாது. ஊதும் காற்று ஒரே திசையில் பாய்கிறது. உறிஞ்சும் வாய்க்கோ நாலாபுறமிருந்தும் காற்று வந்து சேர்கிறது. சுவரில் மாட்டிய எக்ஸாஸ்ட் விசிறி அடுப்புப் புகையை இழுக்கும் என்று நம்பியதெல்லாம் பிழையாகிப் போனது. அப்படியானால் புகையைப் பிடிக்கவே முடியாதா?

முடியும். வாணலியிலிருந்து சூடான காற்று தானாகவே தூணாக எழும்புகிறது. போகப் போக அகலமாகிறது. அதைத் துரத்தத் தேவையில்லை. அது வந்து சேரும் இடத்தில், அடுப்பைவிட அகலமான குடையோடு காத்திருந்தால் போதும். குடைக்குள் அகப்பட்டதை, அது விளிம்பில் வழிவதற்கு முன்னால் விசிறி அகற்ற வேண்டும். இழுப்பது அனலின் வேலை, பிடிப்பது குடையின் வேலை, வெளியே அனுப்புவது மட்டுமே விசிறியின் வேலை. பிரைட்டனில் நாஷ் தொங்கவிட்ட செம்புக் கூடாரத்தின் வடிவம் இதுதான். செம்பின் இடத்தில் துருப்பிடிக்காத எஃகு வந்தது. கூடாரத்தின் தலையில், டெசாகுலியேயின் சக்கரம் மின்மோட்டாரோடு ஏறி உட்கார்ந்தது. இன்று எந்த ஹோட்டலின் சமையற்கட்டுக்குள் நுழைந்தாலும் தோசைக்கல்லுக்கும் தந்தூர் அடுப்புக்கும் மேலே தொங்கும், ஹூட் என்றோ சிம்னி என்றோ சொல்லி யாரும் ஏறிட்டும் பார்க்காத அந்த எஃகுப் பெட்டி இப்படித்தான் பிறந்தது. பிறந்ததும் அது ஒரு புதிய ஆபத்தைப் பெற்றெடுத்தது.

புகை தனியாகப் போவதில்லை. எண்ணெயைச் சுமந்துகொண்டு போகிறது. திறந்த சமையலறையில் சுவரிலும் கூரையிலும் படிந்த பிசுக்கு, இப்போது புகையை வெளியே கொண்டுபோகும் டக்டுக்குள் மூடிய இருட்டில் படிந்தது. பலமாடிக் கட்டடங்களில் அந்தக் குழாய் மாடி மாடியாகக் கூரைவரை ஏறியது. வாணலியில் பற்றிய தீ ஒரு நொடி மேலே தாவினால் போதும், கட்டடத்தின் நடுவே எண்ணெய் தடவிய திரி தயாராக இருந்தது. ஹூடைச் சீர்திருத்த இறங்கியவர்கள் தீ விபத்தைக் கண்டு அஞ்சியவர்கள். காப்பீட்டுக்காரர்கள் முன்னின்று 1896ல் தொடங்கிய அமெரிக்க தீத்தடுப்புச் சங்கம் ஹோட்டல் சமையலறைக்கென்றே 96ம் எண் விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. அவர்கள் குறிவைத்தவற்றில் ஒன்று ஹூடுக்குள் இருந்த கம்பி வலை.

வலை பிசுக்கைப் பிடிக்கும், ஆனால் பிடித்ததை வைத்துக்கொள்ளும். பிறகு அதுவே எரியும். அதன் இடத்துக்கு வந்தது பேஃபிள் ஃபில்டர். இரண்டு வரிசை எஃகுப் பட்டைகள், ஒன்றின் இடைவெளியை மற்றது மறைக்கும்படி எதிரெதிராக நிற்கும். உள்ளே நுழையும் காற்று சட்டென்று வளைந்து வளைந்து போக வேண்டும். காற்று வளையும், கனத்த எண்ணெய்த் துளியால் வளைய முடியாது. நேராகப் போய்ப் பட்டையில் மோதி ஒட்டிக்கொள்ளும். ஃபில்டர் 45 டிகிரிக்குக் குறையாமல் சாய்ந்து நிற்பதால் துளி சொட்டிச் சொட்டிக் கீழே உள்ள கால்வாய்க்கும், அங்கிருந்து ஒரு சின்னக் கிண்ணத்துக்கும் வந்து சேரும். இரவு கடை சாத்தும்போது அந்தக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தால், அன்றைக்கு மாஸ்டரின் நெஞ்சுக்குள் போகாமல் தப்பியது எவ்வளவு என்பது கருந்தேன் நிறத்தில் தெரியும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பாகம் இந்தப் பட்டைகள்தான். மின்சாரம் கேட்காமல், சுழலாமல், பழுதாகாமல் வேலை பார்ப்பவை. 1960களில் ஹூடுக்குள்ளேயே தீயணைப்புப் பொடி தூவும் கருவியும் சேர்ந்தது. எல்லாம் அடங்கியது என்றிருந்தபோது, அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின.

1973ன் எரிபொருள் நெருக்கடியில் ஹூட் ஒரு திருடனாகத் தெரிந்தது. காசு கொடுத்துக் குளிரூட்டிய காற்றையெல்லாம் அது வெளியே கொட்டியது. ஹூடுக்குள்ளேயே வெளிக்காற்றைப் புகுத்தி அதையே வெளியே இழுத்தால் அறைக் காற்று மிச்சமாகும் என்று ஒரு யோசனை பிறந்தது. தாளில் பார்க்க அற்புதம். அப்படிப்பட்ட ஹூடுகள் ஏராளமாக விற்பனையாயின. அவற்றின் கீழ் நின்றவர்கள் புகை முகத்தில் அடிக்கிறது என்று முறையிட்டார்கள், கேட்டவர்கள் குறைவு. ஏனென்றால் புகையைப் பார்க்கலாம், காற்றைப் பார்க்க முடியாது.

இதற்கிடையே சீனாவில் வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஷாங்காயில் புகையிலையைத் தொட்டே அறியாத பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஏன் வருகிறது என்பது மருத்துவர்களுக்குப் புரியவில்லை. காவோ யூடாங் தலைமையிலான குழு நோயுற்ற பெண்களையும் நலமாக இருந்தவர்களையும் ஒப்பிட்டு, 1987ல் முடிவை வெளியிட்டது. சந்தேகம் போய் நின்ற இடங்களில் ஒன்று வாணலி. கடுகினத்து விதையெண்ணெயைப் புகை எழும்வரை காயவைத்து வதக்கும் பழக்கம். சமைக்கும்போது கண் எரியும் அளவுக்குப் புகை சூழும் வீடுகள். டெசாகுலியே தொடங்கி 250 ஆண்டுகளில், அடுப்பின் முன் நிற்பவரின் நுரையீரலே கேள்வியாக வைக்கப்பட்ட அபூர்வத் தருணம் அது. உலகம் அதைக் காதில் வாங்குவதற்குள் எண்ணெய் இன்னொரு வேடம் போட்டது.

அமெரிக்காவின் ஒமாஹா நகரத்துத் தொழிலதிபர் ஃபில் சோகலாஃப் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர். துரித உணவுக் கடைகள் மாட்டுக்கொழுப்பில் உருளைக்கிழங்கு வறுப்பதை எதிர்த்துத் தன் கைக்காசில் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டார். 1990ல் மெக்டொனால்ட்ஸ் தாவர எண்ணெய்க்கு மாறியது, மற்றவையும் தொடர்ந்தன. சாப்பிடுகிறவரின் இதயத்துக்கு நல்லது. ஆனால் தாவர எண்ணெய் கொழுப்பைவிடக் கூடுதல் வெப்பத்தில்தான் தானாகப் பற்றும். பற்றினால் தீயும் அதிகச் சூடு. புது ஃப்ரையர்களோ சூட்டை வெளியே விடாதபடி நன்றாகப் போர்த்தப்பட்டவை. பழைய பொடி தூவியதும் தீ அணைந்தது. எண்ணெய் ஆறாததால் மறுபடியும் பற்றியது. தீயணைப்புக் கருவி தன் பொடியையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு வெறும் குழாயாக நின்றது.

1994 நவம்பர் 21 முதல் அமெரிக்காவில் யூஎல் 300 என்ற புதிய சோதனை முறை நடைமுறைக்கு வந்தது. பொடியின் இடத்தில் பொட்டாசியம் உப்புகள் கலந்த திரவம். கொதிக்கும் எண்ணெயில் பட்டதும் அது எண்ணெயின் மேற்பரப்பைச் சோப்பு நுரையாக மாற்றிவிடும். நுரை போர்வையாக மூடிக் காற்றைத் தடுக்கும், அடியில் எண்ணெய் ஆறும். தீயை அணைக்க எண்ணெயையே சோப்பாக்கும் தந்திரம்! கண்ணுக்குத் தெரியாத காற்றின் புதிரும் ஏறக்குறைய அதே காலத்தில் அவிழத் தொடங்கியது.

ஜெர்மானியர் ஆகஸ்ட் டோப்ளர் 1864ல் லென்ஸுகளின் குறையைக் காண ஓர் ஒளியியல் உத்தியை உருவாக்கியிருந்தார். சூட்டால் காற்றின் அடர்த்தி மாறும் இடங்கள் அதில் நிழல்போல் தெரியும். பறக்கும் துப்பாக்கிக் குண்டின் முன்னால் காற்று எப்படி நெரிபடுகிறது என்பதை எர்ன்ஸ்ட் மாக் இதே உத்தியால்தான் படம் பிடித்தார். 1990களில் அமெரிக்க ஆய்வகங்கள் அதை ஹூடுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தன. அடுப்பிலிருந்து அனல் தூண் எழுவது முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஹூடுக்குள் புகுத்திய வெளிக்காற்று அந்தத் தூணை விளிம்புக்கு வெளியே தள்ளுவதும் தெரிந்தது. பக்கத்தில் கூரையிலிருந்து இறங்கும் ஏசிக் காற்று புகையைச் சமையற்காரரின் முகத்துக்கே திருப்பியது. அடுப்பின் இருபுறமும் ஒரு சிறு தகடு நிறுத்தியதும், குறைவான காற்றிலேயே தூண் முழுதும் உள்ளே போனது. முறையிட்ட சமையற்காரர்கள் சொன்னது சரி. விற்றவர்கள் சொன்னது தப்பு.

2006ல் பிரான்சின் லியோன் நகரில் கூடிய உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, அதிவெப்பத்தில் வறுக்கும்போது எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் மிகுந்தவற்றின் பட்டியலான 2ஏ வரிசையில் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டன் நகரத்தில் ஒரு சீன உணவகத்தின் எக்ஸாஸ்டில் படிந்த பிசுக்கு பற்றி, பொய்க்கூரைக்கு மேலே யாருக்கும் தெரியாமல் எரிந்தது. உள்ளே போன தீயணைப்பு வீரர்களில் இருவர் திரும்பவில்லை. ஹூட் மாட்டினால் மட்டும் போதாது, அதன் தொண்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். கரியோ விறகோ எரித்தால் மாதம் ஒருமுறையும், ஓயாமல் ஓடும் சமையலறையானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் டக்டைச் சோதிக்கச் சொல்கிறது அமெரிக்க விதி.

இந்தியாவில் 2011ன் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், 4ம் அட்டவணையில், எக்ஸாஸ்ட் விசிறியையும் காற்று வடிகட்டியையும் பற்றிப் பேசுகின்றன. அசுத்தமான பகுதியின் காற்று சுத்தமான பகுதிக்குப் பாயக் கூடாது என்பது அதன் நோக்கம்; அந்த வரி காப்பது உணவை. உணவைக் காப்பது சரி. அடுப்பு எரியும் நேரமெல்லாம் எக்ஸாஸ்ட் ஓட வேண்டும், எக்ஸாஸ்ட் பழுதென்றால் அடுப்பையே பற்றவைக்கக் கூடாது என்று அமெரிக்கத் தீத்தடுப்பு விதி சொல்வது நம் ஹோட்டல்களின் தினசரி வழக்கமாக வேண்டும். மின்கட்டணத்துக்குப் பயந்து ஹூடை அணைத்துவிட்டு வடைச்சட்டியை ஏற்றும் முதலாளிகள், அந்தச் சட்டியின் முன் ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டும்.